ஒரே நோயாளி, தனித்தனி வகுப்பறை: மருத்துவம், நர்சிங், பார்மசி மாணவர்கள் ஏன் சேர்ந்து படிக்கணும்?

போச்சம்பள்ளி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் ஒருவருக்கு பி.பி. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை எழுதிக் கொடுத்தும் குறையவில்லை. டாக்டர் டோஸைக் கூட்டுகிறார். உண்மையில் அவர் காலை மாத்திரையைப் போடுவதே இல்லை. வேலை முடிந்து வந்ததும் படுத்துவிடுகிறார். வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலருக்கு இது தெரியும். மாத்திரை தீர்ந்து வாங்க வரவேண்டிய தேதியில் அவர் வராததை பார்மசிஸ்ட்டும் கவனித்திருப்பார். டாக்டருக்கு மட்டும் தெரியாது.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. தன்னார்வலர், பிசியோதெரபிஸ்ட், நோய் ஆதரவு சிகிச்சை நர்ஸ் என்று பலரும் ஒரே வீட்டுக்குள் நுழைகிறார்கள். ஆனால் படித்த காலத்தில் இவர்களும் டாக்டர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்க வாய்ப்பு குறைவு. மருத்துவத்துக்கு ஒரு ஆணையம், நர்சிங்குக்கு ஒரு கவுன்சில், பார்மசிக்கு இன்னொன்று, பாடத்திட்டமும் தனித்தனி.

இதற்கு மாற்றாகத்தான் பல துறை மாணவர்களைச் சேர்த்துப் பயிற்றுவிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2010-ல் வலியுறுத்தியது. எல்லோரையும் ஒரே ஹாலில் உட்காரவைத்து அனாடமி நடத்துவது இதில் சேராது. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கணும், அதுதான் விஷயம். ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1986-லேயே இதைத் தொடங்கிவிட்டது. பின்னர் அங்கே மாணவர்களுக்கென்றே ஒரு வார்டு வந்தது. மருத்துவ, நர்சிங், பிசியோதெரபி மாணவர்கள் சீனியர்களின் கண்காணிப்பில் அந்த வார்டைச் சேர்ந்தே நடத்துவார்கள்.

பேசக் கற்பதுதான் இதில் கஷ்டமான பாடம். "டாக்டர் எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று தயங்கும் நர்ஸ், தவறான டோஸைப் பார்த்தும் வாய் திறக்க மாட்டார். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைகளுக்கு வந்த ஒரு முறை இங்கே கைகொடுக்கும். என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன செய்யணும் என்று நாலே விஷயம். நள்ளிரவு போனில் அது இப்படி இருக்கும்: "எட்டாம் பெட் பேஷன்ட்டுக்கு மூச்சு வாங்குது சார். நேத்து ஆபரேஷன் ஆனவர். நுரையீரல்ல ரத்தக்கட்டியோன்னு சந்தேகமா இருக்கு. நீங்க உடனே வந்து பாக்கணும்." கடைசி வரியைச் சொல்லத்தான் பயிற்சி வேண்டும். அதைக் கோபப்படாமல் கேட்டுக்கொள்ள டாக்டருக்கும் பயிற்சி வேண்டும்.

கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் போலுப்பள்ளியில் வந்தது. எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனிப்பது இப்போது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. நர்சிங் மாணவர்களுக்கும் கிராமப் பயிற்சி உண்டு. இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே வீட்டுக்குப் போய், திரும்பும் வழியில் அந்த மாத்திரை டப்பாவைப் பற்றிப் பேசிக்கொள்ள புதுக் கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. இரண்டு கல்லூரிகளின் டைம்டேபிள் ஒத்துப்போகணும். அதற்கு இரண்டு முதல்வர்களும் உட்கார்ந்து பேசணும்.