432-இலிருந்து 10,584 வரை: எண்ணாமல் விட்ட சர்வர்களின் கணக்கு

அமெரிக்க மத்திய அரசிடம் 1998-இல் 432 தரவு மையங்கள் இருந்தன. 2010 ஜூலையில் 2,094. 2015 நவம்பரில் 24 பெரிய துறைகள் கொடுத்த கணக்கு 10,584. இத்தனைக்கும் 2010-இல் தொடங்கிய திட்டத்தின் நோக்கமே மையங்களை மூடிக் குறைப்பதுதான். ஐந்தே ஆண்டில் எட்டாயிரத்துச் சொச்சம் மையங்களை யாரும் கட்டிவிடவில்லை. நடுவில் வரையறை மாறியது. 500 சதுர அடிக்குக் குறைந்த இடங்களையும் சேர்க்கச் சொன்னதும், அலுவலக மூலையில் சர்வர் ஓடிக்கொண்டிருந்த சின்ன அறைகளும் பட்டியலில் ஏறின. முதலில் எண்ணியது தப்பு என்பதைவிட, எண்ண வேண்டியது எது என்பதே அப்போது முடிவாகவில்லை என்பதுதான் சரி.

அந்தத் தேதிக்குள் 3,125 மையங்கள் மூடப்பட்டன. 2011 முதல் 2015 வரையிலான நிதியாண்டுகளில் மிச்சமானது 280 கோடி டாலர். வகுத்தால் மையம் ஒன்றுக்குச் சுமார் 9 லட்சம் டாலர் வரும். இந்தச் சராசரியை ரொம்ப நம்ப வேண்டாம். ஒரு பெரிய கூடத்தையும் ஒற்றை அறையையும் ஒரே தட்டில் வைத்த கணக்கு அது.

மென்பொருள் பக்கம் நிலைமை இன்னும் மோசம். 2014-இல் அரசின் தணிக்கை அலுவலகம் பார்த்தபோது, 24 துறைகளில் முழுமையான லைசென்ஸ் பட்டியல் வைத்திருந்தவை 2. மீதி 22 துறைகள் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று முழுசாகத் தெரியாமலே கட்டிக்கொண்டிருந்தன. 2016 ஜூலை இறுதியில் 'மெகாபைட்' என்ற பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. லைசென்ஸ் செலவில் 80 சதவீதத்தையாவது தானியங்கித் தேடல் கருவிகளைக் கொண்டு பட்டியலிட வேண்டும் என்றது. அடுத்த மாதமே இன்னோர் ஆணை: தரவு மையங்களின் வன்பொருள், மென்பொருள் பட்டியலைக் கையால் எழுதி அனுப்புவதை நிறுத்தி, 2018 நிதியாண்டு முடிவதற்குள் எல்லாவற்றையும் தானியங்கிக் கருவிகளுக்கு மாற்று.

கருவி செய்கிற வேலையும் எண் விளையாட்டுதான். சாதாரணமாக ஒரு சப்நெட்டில் 254 ஐபி முகவரிகள். ஒவ்வொன்றிலும் 65,535 டிசிபி போர்ட்கள். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தால் 1,66,45,890 தட்டல். 1997-இல் வெளிவந்து இன்றும் எல்லோர் கையிலும் இருக்கும் என்மேப் என்ற ஸ்கேன் கருவி, நாம் வேறுவிதமாகச் சொல்லாதவரை 1,000 போர்ட்களை மட்டும் பார்க்கும். தட்டல் 2,54,000 ஆகக் குறையும். போர்ட் 22 திறந்திருந்தால் எஸ்எஸ்எச்; அநேகமாக லினக்ஸாகவோ ஸ்விட்சாகவோ இருக்கும். யுடிபி 161 பதில் சொன்னால் எஸ்என்எம்பி, அதாவது சாதனங்களைக் கண்காணிக்கும் நெறிமுறை. 623 என்றால் சர்வரின் மதர்போர்டில் உள்ள நிர்வாகச் சில்லு. பாஸ்வேர்டு கொடுக்காவிட்டால் இந்த ஊகத்தோடு சரி. கொடுத்தால் கருவி உள்ளே போய் சீரியல் எண், ரேம், நிறுவியிருக்கும் மென்பொருள்களின் பதிப்பு, எந்த புரோகிராம் எந்த டேட்டாபேஸோடு பேசுகிறது என்பதுவரை எடுத்து வந்துவிடும். மின் இணைப்பைக் கழற்றிவைத்த ஸ்பேர் சர்வர் மட்டும் எந்த ஸ்கேனிலும் சிக்காது. அதற்கு இன்றைக்கும் பார்கோடு ஸ்டிக்கரும், ரேக் ரேக்காக நடந்துபோக ஓர் ஆளும் வேண்டும்.

எண்ணாமல் விட்டால் செலவு எவ்வளவு? தரவு மையத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது அப்டைம் இன்ஸ்டிடியூட்டின் கணக்கு: சும்மா ஓடும் ஒரு 1யூ (ரேக்கில் ஓர் அலகு உயரமுள்ள) சர்வரைக் கழற்றினால் ஆண்டுக்கு மின்சாரத்தில் 500 டாலர், இயங்குதள லைசென்ஸில் 500, பராமரிப்பு ஒப்பந்தத்தில் 1,500, மொத்தம் 2,500 டாலர். மின்கட்டணத்தைத்தான் எல்லோரும் முதலில் பேசுவார்கள். பட்டியலில் அதன் பங்கு ஐந்தில் ஒன்றுதான். ஆய்வாளர்கள் ஜொனாதன் கூமியும் ஜான் டெய்லரும் 2015-இல் 4,000 சர்வர்களின் தரவை ஆராய்ந்தபோது, 30 சதவீதம் ஆறு மாதமோ அதற்கு மேலோ உருப்படியான வேலை எதுவும் செய்திருக்கவில்லை. 2017-இல் 16,000 சர்வர்களைப் பார்த்தபோது அது 25 சதவீதம். பார்க்ளேஸ் வங்கி 2013-இல் 9,124 சர்வர்களை அகற்றியது. 588 ரேக்குகளும் 20,000-க்கு மேற்பட்ட நெட்வொர்க் போர்ட்களும் காலியாயின. மின்சாரத்தில் மட்டும் 45 லட்சம் டாலர் மிச்சம். சர்வர் ஒன்றுக்கு 493 டாலர். அப்டைம் சொல்லும் 500-க்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது.

இதுவரை பார்த்தது வீண் செலவு. மக்களின் கடன் விவரங்களைச் சேகரிக்கும் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்தின் கணக்கு வேறு ரகம். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு 2017 மார்ச் 7-இல் பேட்ச் வந்தது. 9-ஆம் தேதி, 48 மணி நேரத்தில் சரிசெய்யுங்கள் என்று 400-க்கு மேற்பட்டோருக்கு மின்னஞ்சல் போனது. எந்த சிஸ்டத்தில் ஸ்ட்ரட்ஸ் ஓடுகிறது என்று அறிந்த டெவலப்பர் அந்தப் பட்டியலில் இல்லை. 15-ஆம் தேதி ஸ்கேன் ஓட்டினார்கள். அது மேல் அடுக்கு டைரக்டரியை மட்டும் பார்த்தது. ஸ்ட்ரட்ஸ் இருந்ததோ அதற்குக் கீழே ஓர் உள் டைரக்டரியில். பிரச்சினை இல்லை என்று அறிக்கை வந்தது. முழுமையான பட்டியல் ஒன்று கையில் இருந்திருந்தால் அந்த அறிக்கையை ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். அதுவும் இல்லை.

அந்த ஓட்டை வழியாக மே 13-இல் தொடங்கிய தகவல் திருட்டு 76 நாள் நடந்தது. நெட்வொர்க் போக்குவரத்தைக் கண்காணிக்கும் கருவியின் சான்றிதழ் காலாவதியாகிக் கிடந்தது. ஜூலை 29-இல் அதைப் புதுப்பித்த கையோடுதான் சந்தேகம் எழுந்தது. காலாவதியான சான்றிதழ்கள் மொத்தம் 324 என்றும், அவற்றில் 79 முக்கிய தளங்களைக் கண்காணிப்பவை என்றும் பிறகு நாடாளுமன்றக் குழு எண்ணிச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 14.7 கோடி பேர். 2019 சமரசத்தில் ஒப்புக்கொண்ட தொகை குறைந்தது 57.5 கோடி டாலர். தலைக்கு 4 டாலர்கூட வராது.

2022 அக்டோபரில் அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமை, 2023 ஏப்ரல் 3 முதல் 7 நாளுக்கு ஒருமுறை தானியங்கித் தேடல் நடக்க வேண்டும், 14 நாளுக்கு ஒருமுறை ஓட்டைகளைப் பட்டியலிட வேண்டும் என்று சிவில் துறைகளுக்கு உத்தரவிட்டது. கையால் எழுதிய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய வேகம். ஆனால் ஈக்விஃபேக்ஸின் அந்த ஓட்டையை வெளியாட்கள் தேடிக் கண்டுபிடித்தது 2017 மார்ச் 10-இல். பேட்ச் வந்து மூன்றாம் நாள்.