உங்களுக்குத் தெரியுமா? காதுக்குள் ஒரு பழைய ‘க’!

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தமிழில் ‘செவி’. பக்கத்து ராஜபாளையத்தில் ராஜுக்கள் வீட்டில் பேசும் தெலுங்கிலும் ‘செவி’. ஆனால் கன்னடத்தில் ‘கிவி’! எது மூத்தது?

இதே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்த பலுசிஸ்தானின் பிராகுயி மொழியிலும், ஜார்க்கண்டின் குருக் மொழியிலும் காதைக் குறிக்கும் சொல் ககரத்தை ஒத்த ஒலியில்தான் தொடங்குகிறது. ஆகவே மூதாதைச் சொல் *கெவி என்பது மொழியியலாளர் முடிவு. இ, எ முன் வந்த ‘க’ தமிழிலும் தெலுங்கிலும் பல சொற்களில் ‘ச’ ஆனது. கன்னடத்தில் அப்படியே நின்றது. சாட்சி வேண்டுமா? நம் ‘சிறு’, கன்னடத்தில் ‘கிரு’.

*கெவி என்பதன் தலையில் உள்ள நட்சத்திரக் குறி எதற்கு? எந்த ஏட்டிலும் கல்வெட்டிலும் கிடைக்காத, ஒப்பிட்டு மீட்டெடுத்த சொல் என்பதற்கு. மொழியியலாளர்கள் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961) இத்தகைய உறவுச் சொற்களின் களஞ்சியம்.