கூம்பு ஸ்பீக்கரில் கேட்காத பாதி

ரமணாசிரம வாசலிலிருந்து செங்கம் சாலையில் நாலு கடை தாண்டுவதற்குள் இளையராஜா குரல் காதில் விழுந்துவிடும். 'ரமண மாலை'! பகவானை நினைத்து அப்படி உருகும் குரல். பக்கத்திலேயே வேட்டி கட்டிய வெள்ளைக்காரர்கள் நின்று இளநீர் குடிக்கிறார்கள். அவர்களைப் பிடித்து நிறுத்திச் சொல்லணும்போல எனக்கு வாய் பரபரக்கிறது: ஐயா, இதே மனிதர் உங்கள் ஊர் இசைத்தட்டுக் கடைகளில் சின்தசைசரும் ஃபங்க்குமாக அமர்க்களப்படுத்திக்கொண்டிருக்கிறார், தெரியுமா?

'சொல்ல சொல்ல' என்றொரு தொகுப்பு. 1977 முதல் 1983 வரையிலான இளையராஜாவின் எலெக்ட்ரானிக் பாப் என்று அட்டையிலேயே போட்டு, இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் வெளியிட்டது. துருக்கிப் பாடகி செல்டாவையும் லாகூர் சினிமாப் பாட்டுகளையும் தேடிப் பிடித்து மறுபடி அச்சிட்ட அதே கூட்டம்! பின்னாலேயே 'இலெக்ட்ரோ' என்று இன்னொன்றும் வந்தது.

அவர்களுக்கு இது புதையல். நமக்கோ, கல்யாண வீட்டில் விடியற்காலையில் ஊரையே எழுப்பிய பாட்டுகள். இதில் புதிதாகத் தோண்டி எடுக்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் ஹெட்ஃபோனை மாட்டினேன். மாட்டியதும் தூக்கிவாரிப் போட்டது. கீழே ஒரு பேஸ் கிதார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு ஓடுகிறது! இத்தனை நாள் எங்கே இருந்தது இது?

அங்கேதான் இருந்தது. நாம் கேட்ட கருவிகளில்தான் வரவில்லை. கூம்பு ஸ்பீக்கரால் அடிக்குரல் ஸ்வரங்களை வெளியே தள்ளவே முடியாது. அதன் வேலை பேச்சையும் பாட்டுக் குரலையும் தூரத்துக்கு எறிவது. உள்ளங்கை அகல டிரான்சிஸ்டர் ஸ்பீக்கரிலும் அதே கதை. குரலும் வயலினும் நமக்கு வந்துசேர்ந்தன. பாட்டின் கீழ்ப்பாதி இசைத்தட்டின் பள்ளத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

அதை வெளியே கொண்டுவரும் வேலையைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். அசல் டேப் கிடைக்காத பாட்டுக்கு இருக்கும் இசைத்தட்டுகளில் தேறியதைப் பொறுக்கவேண்டும். தட்டைக் கழுவி, பள்ளத்துத் தூசியை எடுத்து, நல்ல ஊசியில் ஓடவிட்டுப் பதிவுசெய்து, 'டிக் டிக்' என்ற கீறல் சத்தத்தை ஒவ்வொன்றாகத் தேடி நீக்கவேண்டும். அவசரப்பட்டு அதிகமாகச் சுத்தம் செய்தால் டிரம்ஸில் ஹை-ஹாட் தட்டின் 'ஸ்ஸ்' சத்தமும் சேர்ந்து போய்விடும். அதற்கெல்லாம் முன்னால் உரிமைச் சிக்கல். ராஜாவுக்கும் எக்கோ இசைத்தட்டு நிறுவனத்துக்கும் நடந்த வழக்கே வருடக்கணக்காக இழுத்தது.

எனக்கு ஆறாத ஒன்று உண்டு. 45 சுற்று சின்னத் தட்டின் அட்டையைப் புரட்டுங்கள். படத்தின் பெயர், கவிஞர், பாடகர், இசை: இளையராஜா. அவ்வளவுதான். பேஸ் வாசித்த சசிதரன்? டிரம்ஸ் புருஷோத்தமன்? கீபோர்டு விஜி மேனுவல்? கிதார் சதானந்தம்? ராஜா கையால் எழுதிக்கொடுத்த நொட்டேஷனை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரே கால்ஷீட்டில் பாடகரோடு சேர்ந்து நேரடியாக வாசித்துக் கொடுத்தவர்கள்! உலகம் இன்று தலையாட்டுவது அவர்கள் விரலுக்கும்தான். தொகுப்பு போடுகிறவர்கள் பாட்டுக்குப் பாட்டு இவர்கள் பெயரையும் அச்சிட வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்த வேட்டை ராஜாவோடு நிற்கவில்லை. இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஏற்றிப் போட்ட ஆல்பத்தை அன்று சீந்த ஆளில்லை. 2010இல் மறுபடி வந்ததும் டான்ஸ் இசை உலகமே வாய் பிளந்தது. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்த மூக் சின்தசைசரில் கீதா சாராபாய் முதலானோர் செய்த பரிசோதனைகள், அரை நூற்றாண்டு டேப்பில் தூங்கிவிட்டு 2023இல் தொகுப்பாக வெளிவந்தன.

அடுத்து யார்? என் ஓட்டு இலங்கைக்குத்தான். எழுபதுகளில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் எல்லாரும் கிதாரும் பைலா தாளமுமாய்க் கிளப்பிய தமிழ்ப் பொப் பாட்டுகள்! மனோகரன் பாடிப் பரப்பிய 'சுராங்கனி'யை 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்குள் கொண்டுவந்தது யார் என்கிறீர்கள்? ராஜாவேதான்! அந்த மூலத் தட்டுகள் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ டொரண்டோவிலோ உங்கள் சித்தப்பா வீட்டுப் பரணில் இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.