நாலாவது மூலை ஏன் வாய் பிளக்கிறது?

வேப்பனப்பள்ளி பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் சாமி படமும் கல்யாண போட்டோவும் இருக்கும். 1894இல் பம்பாயில் ராஜா ரவிவர்மா தொடங்கிய அச்சகம் சாமி படங்களைக் காகிதத்தில் அச்சிட்டு வீடுவீடாகச் சேர்த்தது. காகிதப் படம் நிலைக்க வேண்டுமானால் சட்டமும் கண்ணாடியும் வேண்டும்.

ஒரு சட்டத்துக்கு நாலு துண்டு, எட்டு வெட்டு. ஒவ்வொன்றும் 45 டிகிரி. எல்லா வெட்டும் ஒரே பக்கமாக அரை டிகிரி பிசகினால் மொத்தம் 4 டிகிரி. மூன்று மூலை ஒட்டிக்கொள்ளும். நாலாவது வாய் பிளக்கும். எதிரெதிர்த் துண்டுகளின் நீளம் மாறினாலும் இதே கதிதான்.

ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக டேப் வைத்து அளந்தால், ஒவ்வொரு முறையும் பிழை நுழையும். அறுக்கும் மேஜையில் ஒரு கட்டையை ஸ்டாப்பராக இறுக்கிவிட்டால் எத்தனை துண்டு வெட்டினாலும் ஒரே நீளம். ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இப்படி அளவை நிலைப்படுத்தும் ஃபிக்ஸ்சர் பழக்கமானது. வேலை வேகமாவதும் இந்த ஸ்டாப்பரால்தான்.

மரக்கணக்கும் முன்பே போட வேண்டும். 12க்கு 18 அங்குலப் படத்துக்கு ஒரு அங்குல அகல பீடிங் (சட்டத்துக்கான மரப்பட்டி) என்றால் சுற்றளவு 60, மூலைச் சாய்வுகளுக்கு அகலத்தைப் போல எட்டு மடங்கு 8, ஆக 68 அங்குலம். ரம்பம் தின்பது தனி. ஒரே பீடிங் கேட்கும் ஆர்டர்களைச் சேர்த்து, நீளத் துண்டுகளை முதலில் வெட்டினால் மிச்சத்தில் சின்னப் படங்களுக்கான துண்டுகள் அடங்கும்.

கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே வருவது மவுண்ட் அட்டை. மழைக்காலத்தில் கண்ணாடியில் ஈரம் கோத்தால், அதைத் தொட்டிருக்கும் போட்டோ ஒட்டிக்கொண்டு உரியும். சுமார் 1.4 மி.மீ. தடிமனுள்ள இந்த அட்டை இரண்டையும் விலக்கி வைக்கிறது. மலிவு அட்டையின் அமிலம் நாளடைவில் படத்தின் ஓரத்தைப் பழுப்பாக்கும்; பழைய போட்டோவுக்கு அமிலமில்லாத அட்டையே போடுங்கள்.

படம் தெரிவதற்காக அட்டையில் வெட்டும் ஜன்னலைப் படத்தைவிடப் பக்கத்துக்கு 3 மி.மீ. சிறிதாக, அட்டையின் பின்பக்கம் கோடிடுங்கள். அடியில் கழிவட்டை வைத்து, எஃகு ஸ்கேலை ஒட்டி, சாய்வு பிளேடை ஒரே இழுப்பாக இழுங்கள். மூலைக்கு மயிரிழை முன்னே குத்தி, மயிரிழை தாண்டி நிறுத்தினால் நடுத்துண்டு தானாக விழும். விழாவிட்டால் பிய்க்காதீர்கள், மூலை கிழியும். அதே கோணத்தில் பிளேடை மறுபடி விடுங்கள். வெட்டு பிசிறடித்தால் பிளேடை உடனே மாற்றுங்கள்.

சட்டத்தின் பசை காய்வதற்குள் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமானால் மூலைகள் சரி. இல்லையென்றால் அப்போதே தட்டிச் சரிசெய்யலாம். வாடிக்கையாளர் தரும் பழைய போட்டோவுக்கு மறுபிரதி கிடைக்காது. அதைத் தொடுவதற்கு முன் கை பழகும்வரை காலண்டர் படங்களுக்குச் சட்டம் போட்டுப் பாருங்கள்.