வளையல் போடும் வண்டு

உங்கள் வீட்டுக் குருமாவில் மிதக்கிறதே 'மீல்மேக்கர்' உருண்டை, அது எங்கிருந்து வந்தது என்று எப்போதாவது யோசித்ததுண்டா? மளிகைக் கடையிலிருந்துதான் என்று சொல்லிவிடாதீர்கள்! எண்ணெய் எடுத்த சோயா மாவில் பிறந்தது அது. அந்தச் சோயா ஏராளமாக விளைகிற சீமை மத்தியப் பிரதேசத்து மால்வா. ஜூன் கடைசியில் மழை இறங்கியதும் கரிசல் மண்ணில் விதைக்கிறார்கள்.

அந்த வயல்களில் ஒருத்தி உலாவுகிறாள். வளைய வண்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன். செடியின் தண்டிலோ இலைக்காம்பிலோ, ஒரு விரல் அகலம் இடைவெளி விட்டு, இரண்டு வளையல் போட்டாற்போல் சுற்றிலும் கடித்து வைக்கிறாள். இரண்டுக்கும் நடுவே முட்டை! மேலே சாறு ஏறாமல் இலைகள் துவண்டு தொங்குகின்றன. அம்மாளோ அடுத்த செடியைத் தேடிப் போய்விடுகிறாள். சுமார் ஒரு வாரத்தில் முட்டை பொரிந்து, புழு தண்டுக்குள் குடைந்துகொண்டே கீழே இறங்கும். முற்றியதும், தரைக்கு ஒரு சாண் உயரத்தில் உள்ளிருந்தபடியே செடியை அறுத்து விடும். காய் பிடித்து நின்ற செடி சாய்ந்து கிடக்கும். விவசாயிக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்!

மருந்து தெளித்தால் என்ன என்பீர்கள். புழு தண்டுக்குள் குடித்தனம் புகுந்த பிறகு மேலே தெளிப்பதில் பெரிய பலன் இல்லை. அவசரப்பட்டுத் தெளித்தாலோ, கெட்ட பூச்சிகளைத் தின்கிற நல்ல பூச்சிகளும் சேர்ந்து மடியும். சேதம் மிஞ்சினால் தெளிக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் கைவேலை ஒன்று இருக்கிறது. இந்தூரில் 1987-ல் ஏற்பட்ட சோயா ஆராய்ச்சி நிலையத்தார் சொல்லும் யோசனையும் அதுதான். வாடிய கொழுந்து கண்ணில் பட்டதும், கீழ் வளையத்துக்கும் கீழே கிள்ளி அழித்துவிட வேண்டும். முட்டையும் அதோடு போய்விடும். நாம் கீரை ஆய்கிற மாதிரிதான். என்ன, கீரைக்கட்டு ஏக்கர் கணக்கில் இருக்கும்!

புகையிலைப் புழுவுக்கும் இதே வைத்தியம். அதன் தாய் அந்துப்பூச்சி முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் உடம்பு ரோமத்தாலேயே போர்த்தி வைக்கும். பொரித்த குஞ்சுப் புழுக்கள் சில நாள் ஒரே இலையில் கூட்டுக் குடும்பமாக இருந்து, பச்சையைச் சுரண்டி இலையைச் சல்லடை ஆக்கும். தனிக்குடித்தனம் போவதற்குள் அந்த ஓர் இலையைக் கிள்ளினால் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒழிந்தன.

விதையை அள்ளி நெருக்கமாக விதைப்பதும் வளைய வண்டுக்கு விருந்து வைப்பதுதான். அறுவடையோடு அவள் வம்சம் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். கடைசிப் போகத்துப் புழு, வயலில் மிஞ்சிய தண்டுக் கட்டைக்குள் அடுத்த மழை வரை உறங்குகிறது. அதனால்தான் மால்வாவில் கோடையிலேயே ஆழ உழுது போடச் சொல்கிறார்கள். வெயிலில் காய்ந்தது போக மீதியைப் பறவைகள் பார்த்துக்கொள்கின்றன.