ஆஸ்திரேலியக் கிரிக்கெட்டின் மறுமலர்ச்சி

கிரிக்கெட் ஆட்டத்தின் வரலாற்றில் ஆஸ்திரேலியாவுக்கு உள்ள இடம் நேயர்கள் அறிந்ததே. 1877 இல் மெல்போர்ன் நகரில் நடந்த முதல் டெஸ்ட் பந்தயத்தில் வென்றது அந்நாடுதான். 1948 இல் டொனால்ட் பிராட்மன் தலைமையில் இங்கிலாந்து சென்ற கோஷ்டி, 34 பந்தயங்கள் ஆடி ஒன்றிலேனும் தோல்வி காணாமல் திரும்பியது. 1970களில் லில்லி, தாம்சன் ஆகிய இருவரின் வேகப் பந்துக்கு அஞ்சாத மட்டையாளர் அரியர். இத்தகைய பெருமை வாய்ந்த கோஷ்டி 1980களின் நடுவில் மற்ற நாட்டினர் எளிதாக மதிக்கும் நிலைக்குத் தாழ்ந்தது. சில ஆண்டுகளுக்குள் மீண்டும் தலைநிமிர்ந்தது. அந்த எழுச்சி எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இவ்வுரையில் காண்போம்.

வீழ்ச்சிக்குக் காரணம் ஒன்றன்று. 1977 இல் கெரி பாக்கர் என்னும் தொலைக்காட்சி அதிபர், முன்னணி ஆட்டக்காரர்களைப் பெரும் பொருள் கொடுத்துத் தம் பக்கம் இழுத்துத் தனிப் பந்தயங்கள் நடத்தினார். 1979 இல் சமாதானம் ஏற்பட்டதாயினும், பிரிந்து சென்றவர்களுக்கும் வாரியத்தோடு நின்றவர்களுக்கும் இடையே மூண்ட கசப்பு முற்றும் ஆறவில்லை. 1984 ஜனவரியில் கிரெக் சாப்பல், லில்லி, விக்கெட் காப்பாளர் ராட் மார்ஷ் ஆகிய மூவரும் ஒரே பந்தயத்துடன் ஓய்வு பெற்றனர். ஒரு வீட்டின் மூன்று தூண்களை ஒரே நாளில் பெயர்த்தெடுத்தது போலாயிற்று. அதே ஆண்டு நவம்பரில், மேற்கிந்தியத் தீவினரிடம் அடுத்தடுத்து இரண்டு தோல்விகள் கண்ட காப்டன் கிம் ஹியூஸ், பிரிஸ்பேனில் நிருபர்கள் முன்னிலையில் தமது விலகல் அறிக்கையைப் படிக்கத் தொடங்கிக் கண்ணீர் பெருகியதால் படித்து முடிக்க இயலாமல் வெளியேறினார். அடுத்த ஆண்டில் அவரே ஒரு கோஷ்டிக்குத் தலைமை தாங்கி, நிறவெறி ஆட்சியின் காரணமாக உலகம் விலக்கி வைத்திருந்த தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றார். அவருடன் சென்ற ஆட்டக்காரர்களும் தடைக்கு உள்ளாயினர்.

இந்நிலையில் காப்டன் பொறுப்பு ஆலன் பார்டரிடம் வந்தது. அவர் அதனை விரும்பி ஏற்றவரல்லர். 1985 இல் இங்கிலாந்தில் 3-1 என்று தோற்றார். அவ்வாண்டின் இறுதியில் நியூஸிலாந்து கோஷ்டி ஆஸ்திரேலிய மண்ணிலேயே தொடரை வென்றது. பிரிஸ்பேனில் ஹாட்லி ஒரே இன்னிங்ஸில் 52 ஓட்டங்கள் கொடுத்து 9 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பார்டர் ஒருவரே நிலைத்து ஆடுவதும் மற்றவர் வந்து போவதும் வழக்கமாயின. 1986 இல் நியூஸிலாந்துக்குச் சென்றபோது, இந்நிலை தொடருமானால் தாம் பதவியில் நீடிக்கப் போவதில்லை என்று அவர் வெளிப்படையாகவே கூறிவிட்டார்.

அவ்வாண்டிலேதான் பாப் சிம்ப்ஸன் பயிற்சியாளராக அமைந்தார். தேசிய கோஷ்டிக்கு நிலையான பயிற்சியாளர் என்பது அக்காலத்தில் பழக்கமில்லாத புதுமை. சிம்ப்ஸன் முன்னாள் காப்டன். ஸ்லிப் என்னும் இடத்தில் நின்று பந்து பிடிப்பதில் தம் காலத்தில் இணையற்றவர். அவர் கற்பித்தவை மிக எளியவை: ஓடி வந்து பந்தைத் தடுத்தல், குறி தவறாமல் எறிதல், தாழ்வாக வரும் பந்தைப் பிடித்தல், ஓர் ஓட்டம் இருக்குமிடத்தில் அதனை விடாது ஓடி எடுத்தல். கை சிவக்கும் வரை இவற்றையே நாள்தோறும் பயிற்றினார். பேராற்றல் படைத்தோர் இல்லாத கோஷ்டி, அத்தகைய ஆற்றல் வேண்டாத வேலைகளையாவது பிழையின்றிச் செய்ய வேண்டும் என்பது அவர் கணக்கு. நூறு ஓட்டங்கள் அடிக்கும் திறமையை ஊட்டிவிட முடியாது. ஒரு பந்தயத்தில் முப்பது ஓட்டங்களைத் தடுத்துச் சேமிக்கும் பழக்கத்தை ஊட்டலாம்.

1986 செப்டம்பரில் சென்னைச் சேப்பாக்கத்தில் தொடங்கிய டெஸ்ட் பந்தயம் இக்கதையில் தனி இடம் பெறுவது. டீன் ஜோன்ஸ் என்ற இளைஞருக்கு அது மூன்றாவது டெஸ்ட். கடல் ஈரம் கலந்த சென்னைப் புழுக்கத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆடினார், ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்தார், கால்கள் இழுத்துக்கொண்டன. இனி இயலாது என்று அவர் சொன்னபோது, எதிர்முனையில் இருந்த பார்டர், அப்படியானால் தம் மாநிலமான குவீன்ஸ்லாந்திலிருந்து உறுதியான ஒருவனை அழைத்துக்கொள்வதாகக் கூறினார் என்று ஜோன்ஸே பின்னாளில் சொன்னதுண்டு. ரோஷம் கொண்ட இளைஞர் 210 ஓட்டங்கள் எடுத்துத்தான் வெளியேறினார். அன்று அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்று, நரம்பு வழியே உப்புநீர் ஏற்ற வேண்டியதாயிற்று. உயிருக்கே ஊறு நேர்ந்திருக்கக்கூடும். அதனை வீரம் என்று மட்டும் கொண்டாடுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 574; இந்தியா, கபில் தேவ் அடித்த 119 இன் துணையால் 397. இறுதி நாள் காலையில் பார்டர், தம் இரண்டாவது இன்னிங்ஸை 170 ஓட்டங்களுடன் முடித்துக்கொண்டு, ஒரே நாளில் 348 ஓட்டங்கள் எடுத்துப் பார்க்கும்படி இந்தியாவை அழைத்தார். தோல்வியையே கண்டு வந்த காப்டன் செய்யத் துணியாத செயல் அது. கவாஸ்கர் 90 எடுத்தார். கடைசி ஓவர் தொடங்கியபோது இந்தியாவுக்கு வேண்டியவை 4 ஓட்டங்கள். கைவசம் ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி மூன்று எடுத்துச் சமன் செய்தார். எஞ்சிய பந்துகளை மணீந்தர் சிங் ஆட வேண்டியதாயிற்று. ஐந்தாவது பந்து அவர் காலில் பட, நடுவர் விரலை உயர்த்தினார். வெயிலிலும் கம்பளிச் சட்டையைக் கழற்றாத கிரெக் மாத்யூஸுக்குப் பந்தயத்தில் அது பத்தாவது விக்கெட்.

தமிழில் ‘டிரா’, ‘டை’ ஆகிய இரண்டையும் ‘சமநிலை’ என்று ஒரே சொல்லால் எழுதிவிடுவது உண்டு. பொருளில் இரண்டும் வேறு. காலம் போதாமல் முடிவு காணாது நிற்பது முன்னது. எல்லா விக்கெட்டுகளும் விழுந்து, ஓட்டக் கணக்கும் இருபுறமும் ஒத்து நிற்பது பின்னது. டெஸ்ட் வரலாற்றில் இது இரண்டு முறையே நிகழ்ந்துள்ளது. 1960 இல் பிரிஸ்பேனில் நிகழ்ந்தபோது ஆட்டக்காரராகக் களத்தில் இருந்த சிம்ப்ஸன், சேப்பாக்கத்தில் பயிற்சியாளராக அமர்ந்து மறுமுறை கண்டார்.

சேப்பாக்கத்தோடு நிலைமை மாறிவிட்டதாகப் பலர் எழுதுவர். பந்தயக் கணக்கு அவ்வாறு சொல்லவில்லை. அதன் பின்னும் சொந்த நாட்டிலேயே இங்கிலாந்திடம் 2-1 என்று தொடரை இழந்தனர். 1987 ஜனவரியில் சிட்னியில் வெல்லும் வரை, 14 டெஸ்டுகளில் ஒரு வெற்றியும் இல்லை. மாறியது வேறொன்று. தோற்றவுடன் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொண்டே இருந்த தேர்வாளர்கள், பூன், ஜியாஃப் மார்ஷ், ஜோன்ஸ், ஸ்டீவ் வா முதலிய சிலரை நம்பிப் பொறுத்திருக்கத் தொடங்கினர். ஸ்டீவ் வா தம் முதல் டெஸ்ட் சதத்தை அடித்தது 27 ஆவது டெஸ்டில்! வேறொரு காலமாயின் ஐந்தாவது டெஸ்டுக்குள் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பர். என் எண்ணத்தில், இம்மறுமலர்ச்சியின் உயிர்நாடி இந்தப் பொறுமையே.

1987 அக்டோபர் 9 ஆம் நாள், உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவின் முதல் பந்தயம் மீண்டும் சேப்பாக்கத்தில், இந்தியாவுக்கு எதிராக. ஜோன்ஸ் அடித்த ஓர் அடியை நான்கு என்று நடுவர் கணக்கிட்டிருந்தார். இடைவேளையில் கபில் தேவின் இசைவுடன் அது ஆறாகத் திருத்தப்பட்டது. இந்தியா தோற்றது ஒரே ஓட்டத்தில்; ஸ்டீவ் வாவின் பந்தில் கடைசியாக வீழ்ந்தவர் அதே மணீந்தர் சிங். லாகூரில் பாகிஸ்தானை 18 ஓட்டங்களிலும், நவம்பர் 8 இல் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் இங்கிலாந்தை 7 ஓட்டங்களிலும் வென்று கோப்பையைப் பெற்றனர். ஒன்று, பதினெட்டு, ஏழு: தடுத்துச் சேமித்த ஓட்டங்கள் தம் விலையைக் காட்டிய இடங்கள் இவை.

1989 இல் இங்கிலாந்தில் 4-0 என்று வென்றனர். மார்க் டெய்லர் 839 ஓட்டங்கள். முன்பு தென்னாப்பிரிக்கா சென்று தடை அனுபவித்துத் திரும்பிய ஆல்டர்மன் 41 விக்கெட்டுகள். முந்திய பயணத்தில் எதிரிகளோடு நட்பாகப் பழகிய பார்டர், இம்முறை முகம் கொடுத்துப் பேசவும் மறுத்தார். களத்தில் தண்ணீர் கேட்ட ஆங்கில ஆட்டக்காரருக்கும் இசையவில்லை. அக்கடுமை வெற்றிக்குத் தேவையானதுதானா என்பது ஐயத்துக்குரியது. அவருக்குப் பின் வந்த ஆஸ்திரேலியக் கோஷ்டிகள் களத்தில் வசை பேசுவதைக் கலையாக வளர்த்ததற்கு அங்கே ஒரு விதை விழுந்தது என்றே கருதுகிறேன்.

இதற்கிடையே அடிலெய்டில் தொடங்கப்பட்ட பயிற்சிக் கழகத்தின் வழியே வார்ன், மெக்ராத், பாண்டிங் போன்றோர் வந்து சேர்ந்தனர். மேற்கிந்தியத் தீவினரை வெல்வது மட்டும் எஞ்சியிருந்தது. 1993 ஜனவரியில் அடிலெய்டில் அவ்வாய்ப்பு ஒரே ஓட்டத்தில் நழுவியது. பார்டர் கையிலிருந்த பந்தைத் தரையில் ஓங்கி அடித்தார். 1995 மே மாதத்தில், கிங்ஸ்டனில் ஸ்டீவ் வா அடித்த 200 ஓட்டங்களின் பலத்தால், மார்க் டெய்லர் தலைமையில் அத்தொடர் கைகூடியது. 156 டெஸ்டுகளில் 11,174 ஓட்டங்கள் எடுத்த பார்டர் அப்போது கோஷ்டியில் இல்லை. முந்திய ஆண்டிலேயே டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தார்.