தரவுத்தளமும் வழுவறிவித்தலும்

நன்னூல் கற்ற பழைய மாணவர் எவருக்கும் வழு என்னும் சொல் புதியதன்று. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிலே மயக்கம் நேரின் அது வழுவாம் என்று நெட்டுருப்பண்ணினோம். ஒப்புவிக்கத் தவறிப் பிரம்படியும் பெற்றோம். அதே சொல்லை இன்று எமது நாட்டுக் கணினிப் பாடநூல்களும் எடுத்தாளுகின்றன. கணினி தன் பணியிலே தவறும்போது அத்தவற்றினை எவருக்கு, எவ்வாறு, எவ்வளவு வன்மையாக எடுத்துரைக்கின்றது என்பதை ஈண்டு ஒரு சிறிது விளக்க முயல்வேன்.

தரவுத்தளச் சேவையகம் என்பது பெருந்தொகையான பதிவுகளைக் காத்து, ஒரே வேளையிற் பலருக்கு வழங்கும் மென்பொருளாகும். வங்கிக் கணக்கு, வைத்தியசாலைப் பதிவு, பரீட்சைப் பெறுபேறு யாவும் இத்தகைய ஒன்றின் பொறுப்பிலே இருக்கக்கூடும். அவற்றுட் போஸ்ற்கிறெஸ் என்பதை உதாரணமாகக் கொள்வோம். பெர்க்கிலியிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் மைக்கேல் ஸ்ரோன்பிறேக்கரின் தலைமையில் 1986இல் தொடங்கிய ஆராய்ச்சியின் வழிவந்தது இது. இதன் மூலநிரல் முழுவதையும் எவரும் இலவசமாகப் பெற்று வாசிக்கலாம். ஆகையால் உள்ளே நிகழ்வதை ஊகித்துரைக்க வேண்டியதில்லை.

கல்லூரியின் சேர்வு இடாப்பு இச்சேவையகத்தில் இருக்கின்றதென்றும், 1482 என்னும் சேர்விலக்கத்தை எழுதுநர் தவறுதலாக இரண்டாம் முறையும் பதிகின்றாரென்றும் கொள்க. சேவையகம் அதனை ஏற்காது. தனித்தன்மை விதி மீறப்பட்டது என்று சுருங்கிய வாக்கியமொன்றை முதலிற் கூறும். 1482 ஏலவே உளது என்னும் விவரம் அடுத்து வரும். இவற்றோடு 23505 என்னும் ஐந்தெழுத்துக் குறியீடும் இணைந்து செல்லும். குறியீடு எற்றுக்கெனின், வாக்கியம் மனிதர்க்கு உரியது. குறியீடு மென்பொருளுக்கு உரியது. வாக்கியம் ஜேர்மன் மொழியிலோ யப்பானிய மொழியிலோ வரலாம். குறியீடு எம்மொழியிலும் மாறாது. முதலிரண்டு இடங்கள் வழுவின் இனத்தைக் காட்டும்: 23 எனின் தரவின் ஒருமைப்பாட்டு விதி மீறல், 53 எனின் வளப் பற்றாக்குறை. 2003இல் வெளிவந்த 7.4ஆம் பதிப்புக்கு முன் இக்குறியீடுகள் இச்சேவையகத்தில் இல்லை. அக்காலத்தில் மென்பொருள் எழுதுவோர் வாக்கியத்தையே துருவிப் பொருள்கொள்ள வேண்டியிருந்தது. அதில் ஒரு சொல் மாறினும் அவர்தம் நிரல் பழுதாகும்.

அவ்வாக்கியங்களை எழுதுவோர்க்கும் ஓர் இலக்கணம் வகுக்கப்பட்டிருத்தல் எம்மனோர்க்கு வியப்பளிக்கும். ஒரு கோப்பைத் திறக்க முயன்று அம்முறை கைகூடாவிடின் ‘திறக்க முடியவில்லை’ என்றே எழுதல் வேண்டும். என்றும் இயலாத செயலாயின் ‘முடியாது’ என்று எழுதல் வேண்டும். முன்னையதைக் கண்டவர் தடையை நீக்கி மீண்டும் முயல்வர். பின்னையதைக் கண்டவர் முயற்சியைக் கைவிடுவர். ஆங்கிலத்துக்கு வகுத்த விதியாயினும் தமிழறிந்தார்க்கு இவ்வேறுபாடு எளிதிற் புலனாகும்.

இனி வழுவின் தரத்தைப் பார்ப்போம். ‘நோட்டீஸ்’ வெறும் அறிவித்தல்; ‘வோர்ணிங்’ எச்சரிக்கை. ‘எரர்’ எனின் நடந்துகொண்டிருந்த கட்டளை கைவிடப்படும். ‘ஃபேற்றல்’ எனின் அப்பயனாளரின் தொடர்பே துண்டிக்கப்படும். யாவற்றினும் உச்சமான ‘பனிக்’ எழுமாயின் எல்லாருடைய தொடர்பும் அறுந்துபோம். நினைவகம் தீர்ந்த வேளையில், தீர்ந்தது என்று சொல்வதற்கும் சிறிது நினைவகம் வேண்டுமன்றோ? அதன்பொருட்டு 8 கிலோபைற்று அளவான இடம் எப்போதும் ஒதுக்கி வைக்கப்படுகின்றது. விளக்கு அணைந்தபின் தீப்பெட்டி தேடுவார் பலர். இதனை இயற்றியோர் அவ்வாறு செய்திலர்.

செய்தி செல்லும் இடங்கள் இரண்டு. ஒன்று பயனாளர், மற்றையது பராமரிப்போர் வாசிக்கும் குறிப்பேடு. இருவருக்கும் ஒரே செய்தி செல்லவேண்டும் என்பதில்லை. ‘லொக்’ என்னும் தரத்தைக் குறிப்பேடு ‘எரர்’ என்பதினும் உயர்வாக மதிக்கும். பயனாளர் பக்கத்திலோ அது ‘நோட்டீஸ்’ என்பதினும் தாழ்ந்தது. இல்லாத ஒரு பெயரைக் கூறி உட்புக முயல்வானுக்குக் கடவுச்சொல் ஒவ்வவில்லை என்றே சேவையகம் விடை பகரும். அப்பெயருடையார் எவருமிலர் என்னும் உண்மையைக் குறிப்பேட்டில் மாத்திரம் எழுதும். உண்மையை அவனுக்கே கூறிவிடின், உள்ள பெயர் எவை, இல்லாத பெயர் எவை என்பதைக் கள்வன் அறிந்துகொள்வானன்றோ? இதனை யான் வழுவமைதி என்றே கொள்வேன்.

‘லொக்’ என்னும் சொல்லின் மயக்கத்தால் விளைந்த துன்பமும் உண்டு. இச்சேவையகம் மேற்கூறிய குறிப்பேட்டையன்றி முன்பதிவேடு ஒன்றையும் வைத்திருக்கின்றது. தரவிற் செய்யப்படும் மாற்றம் உரிய இடத்தை அடையுமுன் அதில் எழுதப்படும். இடையிலே மின்சாரம் நின்றுபோயின் அதனைக் கொண்டே தரவு மீட்கப்படும். குறிப்பேடு அழிந்தாற் பழைய செய்திகள் போகும். முன்பதிவேடு அழிந்தாலோ தரவே போகும். இத்துணை அரிய ஏடு இருந்த கோப்புறைக்குப் ‘பீஜீ எக்ஸ்லொக்’ என்று பெயரிட்டிருந்தனர். வட்டு நிரம்பிய வேளையில், பெயரில் ‘லொக்’ என்பதைக் கண்டோர் சிலர் பழங்குறிப்பென்று கருதி அதனை அழித்துத் தம் தரவை இழந்தனர். 2017இல் வெளிவந்த 10ஆம் பதிப்பிலே அப்பெயர் ‘பீஜீ வால்’ என மாற்றப்பட்டது. பெயர் மாற்றத்தாற் பழைய கருவிகள் பல தடுமாறின என்பது மெய். ஆயினும் செய்தது சரியே.

இவற்றினும் பாரதூரமான குறையொன்று 2018இல் வெளிப்பட்டது. சேவையகம் எழுதும் தரவு உடனே வட்டைச் சேர்வதில்லை. லினக்ஸ் முதலிய பணிசெயல் முறைமைகள் அதனைத் தம் நினைவகத்திலே சிறிது நேரம் வைத்திருக்கும். எனவே சேவையகம் இடையிடையே ‘எஃப்சிங்க்’ என்னும் அழைப்பை விடுத்து, யாவற்றையும் வட்டில் எழுதி முடித்து விடைகூறுக என்று கேட்கும். ஆம் என்னும் விடை வந்தபின்னரே முன்பதிவேட்டின் பழைய பகுதி நீக்கப்படும். வட்டிலே பழுது நேர்ந்தபோது லினக்ஸ் முதல் அழைப்புக்குத் ‘தவறிற்று’ என்று உண்மையே கூறியது. சேவையகம் அதனை ‘எரர்’ எனக் குறித்துக்கொண்டு, பொறுத்திருந்து மீண்டும் கேட்டது. லினக்ஸோ, ஒருமுறை சொல்லியாயிற்று என்னும் எண்ணத்தினாற்போலும், எழுதப்படாத பக்கங்களை எழுதப்பட்டனவாகவே குறித்துவிட்டிருந்தது. இரண்டாம் முறை ‘ஆம்’ என்றது. விடைவழு என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் கிடைப்பதரிது. அவ்விடையை நம்பிச் சேவையகம் முன்பதிவேட்டின் பழைய பகுதியை நீக்கிவிடும். அதன்பின் அம்மாற்றம் வட்டிலும் இல்லை, முன்பதிவேட்டிலும் இல்லை. வழு மறைக்கப்பட்டதா எனின், இல்லை. குறிப்பேட்டில் ஒரு வரியாக அது எழுதப்பட்டேயிருந்தது. ‘எரர்’ என்று அதற்கு வழங்கிய தரமே போதாதாயிற்று.

2019 பெப்ரவரியில் வெளிவந்த திருத்தப் பதிப்புகளில் அவ்வழு ‘பனிக்’ தரத்துக்கு உயர்த்தப்பட்டது. இப்போது ‘எஃப்சிங்க்’ ஒருமுறை தவறினும் சேவையகம் இரண்டாம் முறை கேட்பதில்லை. எல்லாத் தொடர்பையும் அறுத்துக்கொண்டு தானே விழும். மீண்டும் எழும்போது, தரவுத்தளம் முறைப்படி மூடப்படவில்லை, மீட்பு நடைபெறுகின்றது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, முன்பதிவேட்டை எடுத்து விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கும்.